மூன்று துளைகள் இட்ட டப்பா: டாரிசெல்லி விதியைச் சோதித்துப் பார்க்கும் முறை

நீர் நிறைந்த பாத்திரத்தின் பக்கவாட்டில் மூன்று துளைகள் இருப்பதாகவும், அடித்துளையின் தாரையே மிகத் தொலைவில் போய் விழுவதாகவும் வரையப்பட்ட படத்தைப் பலரும் பள்ளியில் பார்த்திருப்போம். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும் என்பது சரியே. ஆனால் பாத்திரம் நிற்கும் தளத்திலேயே நீரும் விழுமானால் அந்தப் படம் பொய்த்துப் போகும்.

துளையிலிருந்து வெளியேறும் நீரின் வேகம், நீர்மட்டத்திலிருந்து துளை வரை தடையின்றி விழும் பொருள் பெறும் வேகத்துக்குச் சமம் என்பது இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி. தாரை கிடைமட்டமாகக் கிளம்பினால், அது சென்று விழும் தொலைவு, துளைக்கு மேலுள்ள நீரின் உயரத்தையும் தளத்திலிருந்து துளை இருக்கும் உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் கிடைக்கும். இதில் புவியீர்ப்பு முடுக்கம் அடிபட்டுப் போவதால் அளவுகோல் ஒன்றே போதும்.

ஏறத்தாழ 10 செ.மீ. விட்டமும் 22 செ.மீ.க்குக் குறையாத உயரமும் கொண்ட, சுவர் மெல்லியதாகவும் செங்குத்தாகவும் உள்ள பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அகலமான தட்டத்தின் நடுவே வைக்கவும். தட்டத்தின் தளத்திலிருந்து 5, 10, 15 செ.மீ. உயரங்களில் 3 மி.மீ. அளவுள்ள துளைகளையும், 20 செ.மீ. உயரத்தில் நீர்மட்டக் கோட்டையும் குறிக்கவும். துளைகள் ஒன்றுக்கு நேர் மேல் ஒன்றாக இல்லாமல் சற்று விலகியிருந்தால் தாரைகள் ஒன்றோடொன்று கலக்காது. சூடேற்றிய ஆணியால் ஆசிரியரே துளையிடுவது நல்லது. இதில்தான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன: உருகிய பிளாஸ்டிக் துளையின் விளிம்பில் பிசிறாக நின்றுவிட்டால் தாரை சாய்ந்து கிளம்பும், ஆகவே பிசிறை பிளேடால் சீவி விடவும். துளை மிகச் சிறிதாக இருந்தால் நீர் பீய்ச்சாமல் சுவரை ஒட்டியே வழியும்.

துளைகளை செல்லோடேப்பால் மூடி, கோடு வரை நீர் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து, ஒரு துளையை மட்டும் திறக்கவும். நடுத்துளை திறந்திருக்கும் பத்து நொடிகளில் நீர்மட்டம் முக்கால் செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், தாரை சீரான முதல் ஓரிரு நொடிகளுக்குள் அது விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தட்டத்து நீரைக் கொட்டி, டப்பாவில் கோடு வரை மீண்டும் நிரப்ப வேண்டும்.

கணக்கின்படி நடுத்துளையின் தாரை 20 செ.மீ. தொலைவிலும், மேல்துளை, அடித்துளை இரண்டின் தாரைகளும் ஒரே 17.3 செ.மீ. தொலைவிலும் விழ வேண்டும். அடித்துளை நீர் வேகமாகக் கிளம்பினாலும் விழுந்துவிட அதற்குக் குறைந்த நேரமே ஆகிறது. மேல்துளை நீருக்கு நிலைமை நேர்மாறு. உராய்வினால் அளவுகள் சற்றுக் குறைந்தே வரும். கணக்கில் வந்ததையே அளவாக எழுதிக்கொண்டு வரும் மாணவரை மறுபடி அளக்கச் சொல்வதே முறை.

டப்பாவை 20 செ.மீ. உயர்த்தி வைத்து, நீரைக் கீழேயுள்ள தட்டத்தில் விழச் செய்தால், மேலிருந்து கீழாகத் தொலைவுகள் 26.5, 34.6, 38.7 செ.மீ. என மாறும். பாடநூல் படம் இப்போது பலித்துவிடுகிறது.

வெளியேறிய நீரின் பருமனைத் துளையின் பரப்பால் வகுத்து வேகம் காண வேண்டாம். துளையைத் தாண்டியதும் தாரை சுருங்கிவிடுவதால், அந்த வழியில் கிடைக்கும் விடை உண்மையான வேகத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடாகவே இருக்கும்.