பைப் ஆர்டரில் முனையை எப்படி எழுதுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ், மொபேனி பக்கம் பட்டறை வைத்திருக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், பைப்பின் முனை வேறு வகையாக வந்ததால் வேலை நின்ற கதை ஒன்றாவது கையில் வைத்திருப்பார்கள். சைஸ், ஷெட்யூல் (சுவர் கனத்தைக் குறிக்கும் எண்), மெட்டீரியல் எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு முனையைப் பற்றி மூச்சு விடாமல் ஆர்டர் போட்டால், கடையில் என்ன கிடக்கிறதோ அதைத்தான் ஏற்றி அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

முதலில் அந்த முனை எதோடு சேரப்போகிறது, அதை மறுபடி கழற்ற வேண்டிவருமா என்று பாருங்கள். கரும்பு ஆலையில் அரைவை முடிந்து வருட ஆரம்பத்தில் பராமரிப்பு நடக்கும்போது தவறாமல் கழற்றி மாட்டுகிற பம்ப் லைனா, அங்கே ஃபிளேஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைக்கிற வட்டத் தட்டு. ஒருதடவை போட்டால் தொடவே போகாத நீராவி மெயினா, அது பட் வெல்ட், அதாவது இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்துப் பற்றவைப்பது.

பட் வெல்டுக்கு பெவல் முனை, அதாவது சரிவாகச் சீவிய முனை, வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. பி16.25 என்ற அமெரிக்கத் தர விதி சொல்லும் வழக்கமான சரிவு 37.5 டிகிரி, நுனியில் 1.6 மி.மீ. ரூட் ஃபேஸ், அதாவது சீவாமல் விட்ட தட்டை விளிம்பு. சுவர் கனம் 22 மி.மீ.க்கு மேல் போனால் ஒரே சரிவு போதாது, இரண்டு கோணத்தில் வெட்டிய கூட்டு பெவல் கேட்க வேண்டும். ஸ்லிப் ஆன் ஃபிளேஞ்சுக்குள்ளோ சாக்கெட்டுக்குள்ளோ நுழைகிற பைப் என்றால் நேராக வெட்டிய ப்ளெயின் முனைதான், பெவலுக்குக் காசு கொடுப்பது வீண். சாக்கெட் வெல்ட் பெரும்பாலும் 2 இன்ச் வரைக்கும்தான். பைப்பை அடிவரை முட்டவிடாமல் 1.6 மி.மீ. இடைவெளி விட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் பைப் நீளும்போது வெல்டில் விரிசல் விழலாம். உள்ளே தங்கும் அந்த இடுக்கில் அழுக்கு சேரும், அதனால் உணவு லைனுக்கும் சேறு போகிற லைனுக்கும் நான் அதைப் போட மாட்டேன்.

இப்போது மரைக்கு வருவோம், தலைவலி பிடித்த இடம் இதுதான். தென்னாப்பிரிக்காவில் தண்ணீர், காற்று லைன்களில் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை, ரிஃபைனரிக்கும் அமெரிக்க இயந்திரங்களுக்கும் என்.பி.டி. என்ற அமெரிக்க மரை. பி.எஸ்.பி.யின் மரைக் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.யின் கோணம் 60. ஆனால் அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டுக்குமே இன்ச்சுக்கு 14 மரை. அதனால் ஒன்றை இன்னொன்றில் திருகினால் சில சுற்று சுகமாகப் போகும், திருகுகிறவருக்குச் சந்தேகமே வராது. டேப்பை நாலு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுக்கிவிட்டுப் போய்விடுவார், அழுத்தம் ஏற்றும்போது கசியும். 1 இன்ச்சில் இந்த ஏமாற்று நடக்காது, அங்கே பி.எஸ்.பி. 11, என்.பி.டி. பதினொன்றரை, சீக்கிரமே முட்டிக்கொள்ளும். ஆகவே ‘மரை’ என்று மட்டும் எழுதாதீர்கள், எந்த மரை என்று எழுதுங்கள். இன்னொன்று, மரை வெட்டினால் அந்த இடத்தில் சுவர் மெலியும். 2 இன்ச் ஷெட்யூல் 40 பைப்பின் கனம் 3.91 மி.மீ., என்.பி.டி. மரை அதில் கிட்டத்தட்ட 1.77 மி.மீ.யைத் தின்றுவிடும். அழுத்தம், அதிர்வு இருக்கிற இடத்துக்கு ஷெட்யூல் 80 எடுங்கள்.

ஃபிளேஞ்சிலும் இதே கதை. இங்கே எஸ்.ஏ.என்.எஸ். 1123 என்ற தென்னாப்பிரிக்கத் தர விதிப்படி 1000/3, 1600/3 என்று கேட்பார்கள், முன்னால் வருவது அழுத்தம், கிலோபாஸ்கலில், பின்னால் இருக்கும் 3 பிளேட் வகையைக் குறிக்கும். வெளிநாட்டுப் பம்போ அமெரிக்க முறையான கிளாஸ் 150-இல் வந்து இறங்கும். 100 மி.மீ. சைஸில் இரண்டிலும் எட்டு ஓட்டைதான், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் 1600-இன் பி.சி.டி. (போல்ட் ஓட்டைகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 180 மி.மீ., கிளாஸ் 150-க்கு 190.5. போல்ட் ஏறாது. ஓட்டையைப் பெரிதாக்கி ஒப்பேற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பம்பின் வாய் வார்ப்பிரும்பாகவும் ஃபிளாட் ஃபேஸாகவும் இருந்தால் எதிரே வருவதும் ஃபிளாட் ஃபேஸாக இருக்கட்டும், நடுவே மேடு உள்ள ரெய்ஸ்டு ஃபேஸை வைத்து முறுக்கினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

குரூவ் முனை, அதாவது சுற்றிலும் பள்ளம் போட்ட முனை, சுரங்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லைனை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருப்பதால் பள்ளத்தைக் கவ்வுகிற கப்ளிங் போட்டே ஓட்டிவிடுவார்கள். மெல்லிய சுவருக்கு உருட்டி அழுத்துகிற ரோல் குரூவ், வெட்டு குரூவுக்குக் கனமான பைப். கப்ளிங்குக்குள் வைக்கும் ரப்பரையும் குறிப்பிடுங்கள்: தண்ணீருக்கு ஈ.பி.டி.எம்., எண்ணெய்க்கு நைட்ரைல். கால்வனைஸ் பைப்புக்கு மரையோ குரூவோ நல்லது, பற்றவைத்தால் துத்தநாகம் எரிந்து பூச்சு போய்விடும், அந்தப் புகையும் வெல்டருக்கு ஆகாது.

சரி, எழுதும்போது இரண்டு முனையையும் தனித்தனியாக எழுதுங்கள். உதாரணமாக, நிப்பிள் என்கிற குட்டைப் பைப்புக்கு: ‘நிப்பிள், 1 இன்ச், ஷெட்யூல் 80, ஏ106 கிரேடு பி, சீம்லெஸ், நீளம் 150 மி.மீ., ஒரு முனை ப்ளெயின், மறு முனை என்.பி.டி. மரை.’ ஸ்வேஜ் நிப்பிள் (இரண்டு முனையும் வேறு வேறு சைஸ்) என்றால் பெரிய முனை எது, சின்ன முனை எது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: ‘2 இன்ச் முனை பெவல், 1 இன்ச் முனை மரை.’ டி.பி.இ. என்றால் இரு முனையும் மரை, டி.ஓ.இ. என்றால் ஒரு முனை மட்டும், இந்தச் சுருக்கங்களைத் தாளில் போடலாம். ஃபோனில் வேண்டாம். ப்ளெயினுக்கும் பெவலுக்கும் முதலெழுத்து காதில் ஒரே மாதிரி விழும், பட்டறைச் சத்தத்தில் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக ஒரு வரி, முனைகளுக்கு பிளாஸ்டிக் மூடி கேளுங்கள். டர்பனின் உப்புக் காற்றில் புதிதாக வெட்டிய பெவல் சீக்கிரம் துரு ஏறிவிடும், மரையோ லாரியில் உருண்டு அடிபடும். இறக்கும்போதே மூடியைக் கழற்றிப் பாருங்கள், மரையில் கேஜ் வைத்துப் பாருங்கள், அப்புறம் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும்.