கும்பிட்ட பிறகுதான் கோஷுயின்

ஜப்பானில் பல ரயில் நிலையங்களில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கிடக்கும். யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம், காசு கிடையாது. கோயில்களில் நம் நோட்டில் முத்திரை குத்தி, மையால் எழுதித் தரும் கோஷுயினையும் அதே கணக்கில் சேர்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து வருபவை. புத்த மதச் சூத்திரத்தைக் கையால் பிரதி எடுத்துக் கோயிலில் சமர்ப்பித்தவர்களுக்குக் கொடுத்த அத்தாட்சியிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். அதனால் உள்ளே நுழைந்ததும் கவுன்ட்டருக்கு ஓடாதீர்கள். கும்பிட்டுவிட்டு வாருங்கள். கூட்டம் அதிகமுள்ள சில இடங்களில் மட்டும் நோட்டை முதலிலேயே வாங்கிக்கொண்டு டோக்கன் தருவார்கள்.

கும்பிடுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. வாசலில் தோரி எனும் நுழைவு வளைவு இருந்தால் அது பெரும்பாலும் ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிண்டோவின் கோயிலாக இருக்கும். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். (இசுமோ தைஷா என்ற கோயிலில் நான்கு தட்டு.) புத்த கோயிலில் தட்டவே கூடாது, கைகூப்பினால் போதும். வளைவுக்கு நடுவே நடக்காமல் ஓரமாகப் போங்கள், நடுப்பாதை சாமிக்கு. கைகழுவும் தொட்டியில் அகப்பையை நேராக வாயில் வைத்துவிடாதீர்கள். இடது உள்ளங்கையில் ஊற்றித்தான் கொப்பளிக்க வேண்டும்.

அப்புறம் நோட்டு. பையில் இருக்கும் டைரியை நீட்டினால் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். இதற்கென்றே உள்ள, விசிறி மடிப்பாக விரியும் கோஷுயின்சோ என்ற நோட்டு பெரிய கோயில்களிலேயே விற்கிறது. ரயில் நிலைய ஸ்டாம்பை அதில் குத்தாதீர்கள், அடுத்த கோயிலில் முகம் சுளிப்பார்கள்.

கொடுக்கும்போது பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து கொடுங்கள். காணிக்கை பெரும்பாலும் 300 முதல் 500 யென். பத்தாயிரம் யென் தாளை நீட்டிச் சில்லறைக்கு அலையவிடாமல் 100 யென் காசுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பல கவுன்ட்டர்கள் மாலை 4, 5 மணிக்கே மூடிவிடும். எழுதுகிறவரை வீடியோ எடுக்காதீர்கள். ஏற்கனவே எழுதி வைத்த தாளைத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் கோஷுயின்தான்.

மை காய்வதற்குள் நோட்டை மூடி நான் ஒரு பக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். நடுவில் ஒரு தாளை வைத்து எழுதியவர் கொடுத்திருந்தார். அது எதற்கு என்று உருவி எறிந்துவிட்டேன். ஹோட்டலில் திறந்தால், கோயில் பெயர் எதிர்ப்பக்கத்தில் இடவலம் மாறி ஒட்டிக் கிடந்தது.

புகழ்பெற்ற ஷிண்டோ கோயிலான இசே ஜிங்குவில்தான் முதல் பக்கம் வேண்டும் என்று புது நோட்டோடு போகிறவர்கள் உண்டு. அங்கே கிடைப்பது ஒரு முத்திரையும் தேதியும் மட்டும்தான், மீதி பக்கம் வெள்ளை. வளைந்து நெளிந்த எழுத்தை எதிர்பார்த்து, 'இன்னும் ஏதாவது எழுதித் தாருங்கள்' என்று கேட்டு நிற்காதீர்கள்.