வருகைப் பதிவிலேயே பாடத்தைத் தொடங்குவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப்பள்ளியின் காலை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதியிலிருந்து) வரும் பிள்ளைகள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்து வேன், மழை பிடித்துக்கொண்டால், பிந்தித்தான் வரும். வருகைப் பதிவு, தேதி எழுதுவது, புத்தகம் எடுப்பது என்று 30 நிமிடப் பாடவேளையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இந்த நேரத்தைச் சுருக்க முயன்று பயனில்லை. அதற்குள்ளேயே ஒரு கற்றல் தரத்தை, அதாவது மாணவர் அடைய வேண்டிய ஒரு திறனை, வைத்துவிடலாம்.

இதற்கு ஒரே ஒரு விதி: செய்யும் முறை தினமும் மாறக்கூடாது, கேட்கும் கேள்வி தினமும் மாற வேண்டும். பல வகுப்புகளில் தலைகீழாக நடக்கிறது. வாரத்துக்கு ஒரு புது அட்டவணை, புது அலங்காரம், கேள்வி மட்டும் “இன்று எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்?” என்ற அதே பழைய கேள்வி.

வருகைப் பலகையிலிருந்து தொடங்குவோம். 24 மாணவர் உள்ள ஆண்டு 1 வகுப்பு என்றால், வெண்பலகையின் ஓரத்தில் இரண்டு பத்துக் கட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றும் ஐந்தைந்தாக இரண்டு வரிசை. பக்கத்தில் தனியாக நான்கு கட்டம். மாணவர் பெயர் எழுதிய அட்டைகளின் பின்னால் காந்தம் ஒட்டிக் கதவோரம் வையுங்கள். உள்ளே வருகிறவர் தம் அட்டையை எடுத்து, அடுத்த காலிக் கட்டத்தில் வைக்க வேண்டும். இடையில் ஒரு கட்டமும் விடுபடக்கூடாது. “இது என் இடம்” என்று பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டால் நடுவில் ஓட்டை விழும். பிறகு ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணத்தான் முடியும். ஓட்டையில்லாமல் நிரம்பினால் “இரண்டு பத்து, ஒன்று, 21” என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

வேன் பிந்துவதும் இங்கே உதவிக்கு வரும். மணி அடிக்கும்போது 15 அட்டை இருக்கிறது, பிறகு வேனில் ஆறு பேர் வருகிறார்கள். ஐந்து அட்டை வைத்ததும் இரண்டாவது பத்து நிரம்பிவிடும், மீதி ஒன்று. 15 + 5 = 20, 20 + 1 = 21. பத்தை நிரப்பிக் கூட்டும் முறையைப் பயிற்சிப் புத்தகத்தில் விளக்குவதைவிட இது சுலபம்.

கேள்விகளை வாரத்துக்கு இப்படிப் பிரிக்கலாம். திங்களன்று சபைகூடலில் நேரம் போய்விடும், எண்ணை எண்மானத்திலும் எழுத்திலும் எழுதினால் போதும். செவ்வாய், பத்தை நிரப்பிக் கூட்டல். புதன், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எது எவ்வளவு அதிகம். வியாழன், 24 - □ = 21. வெள்ளி, ஐந்து நாள் எண்ணையும் ஏறுவரிசையில் அடுக்குவது. எல்லாரும் சிறுபலகையில் விடை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் அதே இரண்டு பேர்தான் தினமும் பதில் சொல்வார்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைக் கணக்குக் கேள்வியாக்க வேண்டாம். அதற்கு வீட்டுக் காரணங்கள் இருக்கும். வருகைப் பதிவேட்டை ஆசிரியர் தலை எண்ணித்தான் குறிக்க வேண்டும். வராத நண்பனின் அட்டையை யாராவது அன்பாக எடுத்து வைத்துவிடுவது உண்டு.

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் அட்டை வைப்பது மட்டும் போதும், கேள்வி வேண்டாம். புது வழக்கமும் புதுப் பாடமும் ஒன்றாக வந்தால் பிள்ளைகள் இரண்டையும் தவற விடுவார்கள்.

வரிசையில் நிற்கும் நேரம் தமிழ்ப் பாடத்துக்கு. “பெயரின் முதல் எழுத்து குறில் என்றால் முதலில் வாருங்கள்” என்று அழையுங்கள். கவின் வருவான், கீர்த்தனா காத்திருப்பாள். சைலேஷ் பெரும்பாலும் குறிலோடு ஓடிவருவான். ஐகாரம் நெடில் என்பதை வகுப்பு அன்றைக்கு மறக்காது. ஸ்ரீ என்று தொடங்கும் பெயருக்கு இரண்டாவது எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். பெரிய வகுப்பில் மாத்திரை கணக்கிடச் சொல்லலாம்: கவின் 1 + 1 + ½ = 2½, கீர்த்தனா 2 + ½ + ½ + 1 + 2 = 6. இலக்கணமும் பின்னமும் ஒரே வரிசையில் முடிந்துவிடும். அலமாரியில் ‘தண்ணீர் போத்தல்’, ‘புத்தக பை’ என்று ஒட்டிவைத்து, விடுபட்ட ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை மாணவரே எழுதும்படி விடுவதும் நல்ல வேலை.

ஓய்வுக்கு முன் பணம். சிற்றுண்டிச்சாலை விலைப்பட்டியலைப் பலகையில் எழுதி, 1 ரிங்கிட் 50 சென் தொகையை எத்தனை விதமாகக் கொடுக்கலாம் என்று கேட்கலாம். 5, 10, 20, 50 சென் நாணயங்களே போதும். 2008 முதல் கடைகளில் ரொக்கத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்குவதால் 1 சென் நாணயம் தேவைப்படாது. “உன் கையில் எவ்வளவு இருக்கிறது?” என்று மட்டும் கேட்காதீர்கள். பள்ளியின் இலவச உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளைகள் பலர் காசு கொண்டுவருவதில்லை.

நாள் பாடத்திட்டத்தில் இதைத் தனி நடவடிக்கையாக எழுத வேண்டாம், பாடத்தின் தொடக்கமான பீடிகையில் எழுதுங்கள். ஒரு வழக்கத்துக்கு ஒரே கற்றல் தரம். மூன்று நிமிடம் அட்டை, நான்கு நிமிடம் கேள்வி, இரண்டு நிமிடம் சிறுபலகை, ஒரு நிமிடம் பதிவு. அந்த ஒரு நிமிடத்தில் நால்வரின் விடையை மட்டும் வகுப்பறை மதிப்பீட்டுக்குக் குறித்தால், 24 பேரும் ஆறு பள்ளி நாளில் முடிந்துவிடுவார்கள். எல்லாரையும் ஒரே நாளில் குறிக்க நினைத்தால் ஒருவரையும் சரியாகப் பார்க்க முடியாது. நால்வரில் மூவர் தவறினால் மறுநாள் அதே கேள்வியை வேறு எண்ணோடு குறைநீக்கலாகக் கேளுங்கள். பாடம் எப்படிப் போனது என்று ஆசிரியர் எழுதும் சிந்தனை மீட்சிக்கு அதுவே போதும்.

மாணவர் எண்ணிக்கை 150-க்கும் குறைந்த சிறு பள்ளிகளில் ஆண்டு 1, ஆண்டு 2 ஒரே அறையில் உட்காரும் வகுப்புகள் உண்டு. அங்கேயும் ஒரே பலகைதான், கேள்வி இரண்டு. 12 பேரில் 11 பேர் வந்தால் ஆண்டு 1 அதைப் பத்தும் ஒன்றுமாகப் பிரித்து எழுதட்டும். ஐந்து நாளும் இப்படி வந்தால் மொத்தம் எத்தனை என்று ஆண்டு 2 கணக்கிடட்டும். ஆண்டு 2 கேள்வியை முதல் நாள் மாலையே பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் சின்னவர்களோடு இருக்கும் நான்கு நிமிடமும் அவர்கள் சும்மா இருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததா!