எருவோடு புழுவையும் வயலுக்குள் ஏற்றாதீர்கள்

வாழப்பாடி, தலைவாசல் பக்கம் இயற்கை முறைக்குப் புதிதாக மாறியவர்களின் காய்கறி வயல்களில் அதே தவறுகள் ஆண்டுதோறும் நடப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தண்ணீர் தேங்குவது, களை மண்டுவது போன்றவற்றை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எருவைக் கொண்டு மண்பூச்சிகளைக் கட்டுப்படுத்த நினைப்பவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மக்காத எருவை இறைப்பது

பெரும் நட்டம் இதில்தான். கோடை மழைக்குப் பின் மாலையில் மண்ணிலிருந்து கிளம்பும் வண்டுகள் வேப்ப மரங்களில் இலை தின்றுவிட்டு, முட்டையிட மண்ணுக்குத் திரும்புகின்றன. அந்த முட்டைகளிலிருந்து வருபவைதான் வேரைத் தின்னும் வெண்புழுக்கள். பச்சை எரு கிடக்கும் நிலம் அவற்றை இழுக்கிறது.

அயோத்தியாப்பட்டணம் அருகே ஓர் இளைஞர், "ஒரு வருஷத்து எருங்க" என்று விற்றவர் சொன்னதை நம்பி டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். மேலே கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. முழங்கை வரை கையை விட்டால் உள்ளே சாணிக் கட்டியும் வைக்கோலும் அப்படியே இருந்தன. கத்தரி பூக்கும் தருவாயில் செடிகள் அங்கங்கே வாட, அவர் தண்ணீர் போதவில்லை என்று மேலும் பாய்ச்சினார். வாடிய செடியைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. பக்க வேர் ஒன்றுகூட இல்லை, குழிக்குள் பழுப்புத் தலையுடன் சுருண்டு கிடந்தது வெண்புழு.

வருஷம் ஆனால் எரு தானாக மக்கிவிடும் என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஈரமும் கிளறலும் இல்லாத குவியலுக்கு வயது கூடுமே தவிர, எரு மக்காது. உட்புறம் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிச் சில நாட்கள் நிலைத்து, கிளறியபின் மறுபடியும் சூடேறி ஆறினால்தான் முட்டையும் புழுவும் மடியும். அதன்பின் சாணி வாடை போய் மண்வாடை வரும். ஆறிய எருவைத் திறந்து போட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதால், அதை மூடி வையுங்கள். இறைக்கும் முன் சலித்து, அகப்படும் புழுக்களைக் கோழிக்குப் போடுங்கள்.

சூடு ஆறாத குவியலில் டிரைக்கோடெர்மா கலப்பது

வேர் அழுகலைத் தடுக்கும் இந்த நன்மை செய்யும் பூஞ்சாணம் சூட்டில் செத்துவிடும்.

எருவே மருந்து என்று இருப்பது

மக்கிய எரு நன்மை செய்யும் உயிர்களுக்கு வீடும் உணவும் தருகிறது. பெருகிவிட்ட புழுவை அது மட்டும் அடக்காது. வெண்புழுவுக்கு மெட்டாரைசியம் பூஞ்சாணத்தையும், வேர் அழுகலுக்கு டிரைக்கோடெர்மாவையும் எருவில் கலந்து இட வேண்டும். ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா, 20 கிலோ எரு என்பது வழக்கமான அளவு. வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலத்தில் கடைசி உழவின்போது ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கையும் சேருங்கள்.

இறைத்த எருவை வெயிலில் விடுவது

அன்றே உழுது மூடுங்கள்.

ஏற்காட்டில் சமவெளிக் கணக்கைப் பின்பற்றுவது

குளிரில் குவியல் தாமதமாகவே சூடேறும். ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் குவித்து, மழை ஊறாமல் மூடி, கூடுதல் காலம் கொடுங்கள்.