வெளிநாட்டு ஏழைக் குடியிருப்பில் நீண்டகாலத் தன்னார்வலராகத் தங்குவது எப்படி?

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதலில் விசா. சம்பளம் வாங்காவிட்டாலும் தன்னார்வப் பணியைப் பல நாடுகள் வேலையாகத்தான் கணக்கில் எடுக்கின்றன. சுற்றுலா விசாவில் போய் மாட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்தது தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்படும் நாடென்றால், போய்ச் சேருவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும்.

தங்குவதற்கு, நீங்கள் வேலை செய்யப்போகும் தெருவிலேயே ஒரு குடும்பத்தோடு ஓர் அறை பாருங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கழிப்பறை எத்தனை பேருக்குப் பொது, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். அக்கம்பக்கத்தார் கொடுக்கும் வாடகையையே கொடுங்கள். இரக்கப்பட்டு இரட்டிப்பாகக் கொடுத்தால் தெரு முழுக்க வாடகை ஏறும். அந்தச் சுமை ஏழைகள் தலையில்தான் விழும்.

புதிதாக வருபவர்களைப் படுக்கவைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கொதிக்க வைப்பதென்றால் தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியில் 3 நிமிடம். விறகோ எரிவாயுவோ தட்டுப்பாடாக இருந்தால், வாசனை சேர்க்காத 5–6 சதவீத பிளீச் (துணி வெளுக்கும் குளோரின்) திரவம் லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி 30 நிமிடம் மூடிவையுங்கள். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டி, சொட்டை இரட்டிப்பாக்குங்கள். லேசாகக் குளோரின் வாடை வந்தால் சரி. இவ்வளவும் செய்துவிட்டுக் குடத்துக்குள் கையை விட்டு டம்ளரால் மொண்டால் கிருமி மறுபடி உள்ளே போகும். குழாய் வைத்த மூடிய பாத்திரம் வாங்குங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அவ்வப்போது குடியுங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ காய்ச்சல் கூடினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

முதல் மாதம் எந்தத் திட்டமும் வேண்டாம். தினம் பத்துச் சொல் கற்று அன்றைக்கே தெருவில் பேசிப் பாருங்கள். சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள். மறுத்தால் மனம் நோகும். ஆனால் விருந்தாளி எழுந்த பிறகுதான் பிள்ளைகள் உட்காரும் வீடுகள் உண்டு. இரண்டாம் முறை பரிமாற வரும்போது இலேசாகக் கையைக் குறுக்கே வைத்துவிடுங்கள். பானையில் மிச்சமிருப்பது அவர்களுடைய சாப்பாடு.

கடன் கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். என்ன பதில் சொல்வதென்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒரு வீட்டுக்கு ரகசியமாகக் கொடுத்த பணம் மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த வீட்டின் மேல்தான் பொறாமை திரும்பும். கொடுக்க நினைப்பதை ஊர்க்குழு, பள்ளி போன்ற பொதுவான இடத்தில், கணக்கு எழுதும் ஆள் முன்னால் கொடுங்கள். குழந்தைகளோடு தனியறையில் இருக்காதீர்கள்; பெற்றோரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

திரும்பும் தேதியை இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். செய்துவந்த வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பழக, குறைந்தது அவ்வளவு நாளாவது பிடிக்கும்.