அசெம்பிளியில் ஒரு குட்டி ஃபோர்த்: சறுக்கும் இடங்கள்

ஃபோர்த் மாதிரி ஒரு சின்ன ஸ்டாக் மொழியை (எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து எடுத்துக் கணக்குப் போடும் நிரல் மொழி) அசெம்பிளியில், அதாவது ப்ராசஸரின் சொந்தக் கட்டளைகளில், எழுதுவது வார இறுதி வேலைதான். 1970 வாக்கில் சார்லஸ் மூர் உருவாக்கிய அந்த மொழியின் உட்கரு அவ்வளவு சிறியது. பிழைகள் மட்டும் வார இறுதியோடு முடிவதில்லை. தப்பு நடந்தது ஓரிடம், நிரல் விழுவது வேறோரிடம். இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸில், எக்ஸ்86-64 ப்ராசஸரில் நடப்பவை.

பெரும்பாலோர் முதலில் மாட்டுவது ஆர்எஸ்ஐ ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்). அடுத்து எந்தச் சொல்லை (ஃபோர்த்தில் ஒவ்வொரு செயலும் ஒரு சொல்) இயக்குவது என்ற முகவரியை வழக்கமாக இதில்தான் வைப்பார்கள். ஒரே கட்டளை அங்கிருந்து எட்டு பைட்டை எடுத்து, ஆர்எஸ்ஐயையும் எட்டு பைட் முன்னே தள்ளிவிடும். அப்புறம் ஒரு ஜம்ப். இரண்டே கட்டளையில் மொத்த மொழியும் ஓடும், திரையில் ஓர் எழுத்தை அச்சிடும் வரை. ஏனென்றால் எழுத்தை அச்சிட கர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) அழைக்கும் ரைட் சிஸ்டம் கால், அந்த எழுத்து இருக்கும் பஃபரின் முகவரியை அதே ஆர்எஸ்ஐயில்தான் கேட்கும். கொடுத்தீர்களோ, உங்கள் மொழி தான் நின்ற இடத்தை மறந்துவிடும். எழுத்து என்னவோ திரையில் சரியாக வரும். அதற்கு அடுத்த சொல்லில்தான் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை). பார்ப்பவர் அந்த அப்பாவிச் சொல்லைக் குடைந்துகொண்டிருப்பார். சிஸ்டம் காலுக்கு முன் ஆர்எஸ்ஐயை ஸ்டாக்கில் வைக்கும் புஷ், பின் அதைத் திரும்ப எடுக்கும் பாப், அவ்வளவுதான் மருந்து.

சிஸ்டம் காலைச் செய்யும் சிஸ்கால் கட்டளை ஆர்சிஎக்ஸ், ஆர்11 ரெஜிஸ்டர்கள் இரண்டையும் அழித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். லூப் எண்ணிக்கையை ஆர்சிஎக்ஸில் வைத்துவிட்டு, லூப் ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று ஓர் இரவைத் தொலைத்தவன் நான். அதில் உட்கார்ந்திருந்தது, கர்னலிலிருந்து திரும்பி வர வேண்டிய முகவரி!

கணக்குச் சொற்களில் வரிசை முக்கியம். 10 3 - (ஃபோர்த்தில் எண்கள் முன்னே, குறி பின்னே) என்றால் 7 வர வேண்டும். ஆனால் ஸ்டாக்கிலிருந்து முதலில் வெளியே வருவது 3. கூட்டலும் பெருக்கலும் இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. வகுத்தல் இன்னும் மோசம். ஐடிவ் கட்டளை ஆர்டிஎக்ஸ் ரெஜிஸ்டரையும் சேர்த்து 128 பிட் எண்ணாகத்தான் வகுக்கும். ஆர்டிஎக்ஸில் குப்பை கிடந்தால், தசமப் புள்ளியே இல்லாத நிரலில் ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்’ என்று திட்டு விழும். அதைப் பூஜ்யமாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள்: -7ஐ 2ஆல் வகுத்தால் 9223372036854775804 வரும். முன்னால், எண்ணின் குறியை ஆர்டிஎக்ஸுக்கும் நீட்டும் சிகியூஓ கட்டளையைப் போட்டால் -3.

ஓர் ஒப்பீட்டின் விடை ‘உண்மை’ என்று காட்ட 1 போதும் என்று தோன்றும், ஒப்பிடும் கட்டளைகளும் 1தான் தரும். ஃபோர்த்-83 தரம் -1ஐத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1இன் பிட்டுகளைப் புரட்டினால் -2; பூஜ்யமல்லாத எதுவும் உண்மை என்பதால் அதுவும் உண்மை! -1ஐப் புரட்டினால் சுத்தமான பூஜ்யம். குறியை மாற்றும் நெக் கட்டளை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

சொற்களைப் பதிந்துவைக்கும் அகராதியில் சொல்லின் நீளத்தோடு அதே பைட்டில் ‘உடனே இயங்கு’, ‘மறைந்திரு’ என்ற கொடிகளையும் (ஒரு பிட் அடையாளங்கள்) திணிப்பது வழக்கம். (சிக்கனம் இந்த மொழியின் பிறவிக்குணம், ஐபிஎம் 1130 கணினியில் கோப்புப் பெயருக்கு ஐந்து எழுத்துதான் என்பதால் Fourth என்ற இதன் பெயரே ஓர் எழுத்து குறைந்து Forth ஆனது.) தேடும்போது உடனே இயங்கும் கொடியை நீக்கிவிட்டு நீளத்தை ஒப்பிடாவிட்டால் அந்தக் கொடி உள்ள இஃப், தென் போன்ற சொற்கள் கண்ணுக்கே அகப்படாது. மறைக்கும் கொடியை வைக்க மறந்தால், பழைய டூப்பைக் (ஸ்டாக்கின் உச்சி எண்ணை நகலெடுக்கும் சொல்) கூப்பிட்டுப் புது டூப் எழுதும்போது அது தன்னையே கூப்பிட்டு, திரும்ப வேண்டிய முகவரிகளை வைக்கும் ரிட்டர்ன் ஸ்டாக் நிரம்பி வழியும்.

எண்களைத் தள்ளும் லிட் சொல், தனக்குப் பின்னால் இருக்கும் எண்ணைத் தாண்டி ஆர்எஸ்ஐயை நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் 5 என்ற எண்ணே முகவரியாகிவிடும்.

எல்லாச் சொல்லையும் அசெம்பிளியிலேயே எழுதப் புறப்படுவதும் வீண். சில டஜன் அடிப்படைச் சொற்கள் போதும், மற்றதை மொழியே தன்னில் எழுதிக்கொள்ளும். அந்தச் சில டஜனில், ஸ்டாக்கைக் கலைக்காமல் முழுசாக அச்சிடும் .எஸ் சொல்லை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு புதுச் சொல்லுக்கு முன்னும் பின்னும் அதை ஓட்டிப் பார்த்தால், ஒரு பாப் கூடியதோ குறைந்ததோ அங்கேயே தெரிந்துவிடும்.