பிளேயர் தூங்கி எழுந்ததும் வைஃபை காணோமா?

டிவியில் ஆன்லைன் படம் பார்க்க மாட்டும் ஸ்ட்ரீமிங் பிளேயரை (ஸ்டிக்கை) ஸ்டாண்ட்பையிலிருந்து எழுப்பியதும் 'நெட்வொர்க் இல்லை' என்று வந்தால், ரீசெட்டுக்குப் போகாதீர்கள். பிளேயருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். டிவியின் யூஎஸ்பி துளையில் சொருகியிருந்தால் பாதி வியாதி அங்கேதான். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் அளவு 0.5 ஆம்பியர்; பல ஸ்டிக்குகள் 1 ஆம்பியர் கேட்கும். போதாததற்கு, பல டிவிகளில் டிவியை அணைத்தால் அந்த போர்ட்டும் அணையும். ஸ்டிக் தூங்குவதில்லை, தினமும் செத்துப் பிழைக்கிறது. கூட வந்த 5 வோல்ட் அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

சேலத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்த மாலைகளில் வருவது வேறு கோளாறு. பிளேயர் சட்டென்று எழுந்துவிடும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். பிளேயரின் நெட்வொர்க் அமைப்பில் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். ரவுட்டர் விளக்குகள் நிலைத்தபின் பிளேயரை 30 நொடி பிடுங்கி மாட்டுங்கள். அடிக்கடி நடந்தால் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கலாம். ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், பெரும்பாலும் 12, யூபிஎஸ் தரும் வோல்ட்டோடு பொருந்த வேண்டும்.

நெட் இருந்தும் ஆப் திறக்கவில்லையா? தேதி, நேரம் பாருங்கள். கடிகாரம் தப்பினால், ஆப்பின் சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிளேயர் நினைத்துவிடும்.

ஏற்காட்டில் கனத்த கருங்கல் சுவர் வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அடுத்த அறைக்கே தடுமாறும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டர் அமைப்பில் சேனல் 1, 6, 11-இல் நெரிசல் குறைந்ததைப் பிடியுங்கள். லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இத்தனை பாடும் வேண்டாம்.

நள்ளிரவில் டிவி தானாக ஆன் ஆனால் ஹெச்டிஎம்ஐ சிஇசி-யை (ஹெச்டிஎம்ஐ வழியே பிளேயர் டிவியை இயக்க விடும் வசதி) அணைத்துப் பாருங்கள், பேய் இல்லை.